லாரி வருவதற்கு முன்

இந்தக் கணினிக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை என்று
திரையின் மூலையில் ஒரு கட்டம்
ஐப்பசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.
நானும் ஐப்பசியிலிருந்து
'பிறகு நினைவூட்டு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன்.
கிழங்கு வந்து குவியும் மாதங்களில்
ஜவ்வரிசி ஆலையில் யார்
கணினியைத் திறந்து போடுவார்கள்?

பொங்கலுக்கு ஆலை மூடிய அன்று
கோட்டையிலிருந்து முபாரக் வந்தான்,
ஹெல்மெட்டுக்குள் புது டிஸ்க் ஒன்றைப் பொத்திக்கொண்டு.
உட்காருவதற்கு முன்பே கேட்டான்:
"பேக்கப் இருக்காக்கா?"
"தினமும் ராத்திரி ஏழரைக்குத் தானா ஓடும்."
கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.
"ஓடுறது சரி. போய்ச் சேருதா?"

திறந்தோம்.
வரிசையாக மஞ்சள் ஃபோல்டர்கள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் தேதி.
செப்டம்பர் பதினாறுக்குப் பிறகு
ஒன்றிலும் ஒன்றுமில்லை.
நூற்றுப் பதினெட்டு.
மொய்க்கவரைப் பிரிக்கப் பிரிக்க
பேர் மட்டும் இருந்து
பணம் இல்லாத மாதிரி.

டிஸ்க் நிரம்பியிருந்தது.
முதலாளி குப்பண்ணன் வீட்டுக் கல்யாண வீடியோ,
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்,
ஆவணி முகூர்த்தம்.
யாரோ பத்திரமாக இருக்கட்டும் என்று
அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.
யாரோ என்று எழுதுகிறேன்.
நான்தான்.

அன்றிரவு எதையும் புதுப்பிக்கவில்லை.
நகல் எடுத்தோம். இன்னொரு நகல் எடுத்தோம்.
"கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொடுங்க" என்றான்.
தொட்டேன்.
தும்பல் பழனியாண்டி. பதினொரு டன் இருநூற்று நாற்பது.
இருபத்தேழு பாயிண்ட்.
பாக்கி: பதினெட்டாயிரத்து அறுநூறு.
அவரிடமிருக்கும் சீட்டு
வேட்டி மடிப்பில் நனைந்து, உலர்ந்து,
இந்நேரம் எழுத்தே போயிருக்கும்.
இந்த ஒரு வரியும் போயிருந்தால்
அந்தப் பணத்துக்கு
அவர் வாய் மட்டும்தான் சாட்சி.

மறுநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றி
பேர் எழுதி, மேசை அறையில் பூட்டினான்.
புதியதைப் புதிய டிஸ்க்கில் ஏற்றினான்.
"ஏதாச்சும் ஆனா, பழசை மாட்டினா
நேத்தைக்குப் போயிடலாம்."
வாழ்க்கையில் யாரும் என்னிடம்
இப்படிச் சொன்னதில்லை.

முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது.
நான் வெளியே வந்து நின்றேன்.
குப்பனூர் பாதையில் ஏற்காட்டுக்கு ஏறும் வண்டி விளக்கு
ஒரு வளைவில் காணாமல் போகும்,
செத்த நேரம் கழித்து
இன்னும் கொஞ்சம் மேலே முளைக்கும்.
உள்ளே திரும்பினால் நாற்பத்தொன்று.
கரண்ட் போகவே இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி வைத்ததில்
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எல்லாம் வந்துவிட்டது, எடைமேடையைத் தவிர.
அந்த ஒன்பது ஊசி வயர் பேசும் பாஷை
புதியதற்குப் புரியவில்லை.
பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் போல
இரண்டு மணி நேரம்
நடுவில் உட்கார்ந்து பேசினான் முபாரக்.
பொங்கலன்று லாரிக்கு எங்கே போக?
அவன் பைக், அவன், நான்
மூவரும் மேடை ஏறினோம்.
ஜன்னல் வழியே திரை: இருநூற்று ஐம்பது.
பத்து கிலோவுக்குக் கீழே அது கணக்கில் கொள்ளாது.
என் எடை குறித்து
அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

பதினேழாம் தேதி முதல் லாரி வந்தது.
சீட்டு அச்சாகி விழுந்ததைப் பார்த்து
முதலாளி கேட்டார்: "என்ன மாறியிருக்கு?"
"ஒண்ணுமில்லைங்க."
"அதுக்கா இவ்வளவு பில்லு?"
கல்யாண வீடியோவைத் தனி டிஸ்க்கில் போட்டு
அவர் கையில் கொடுத்தேன். ஏனென்று சொல்லவில்லை.

இரண்டாவது நகல் அம்மாபேட்டையில், என் பீரோவில்,
பட்டுப்புடவைக்கு அடியில்.
வெள்ளிக்கிழமைதோறும் ஏழரைக்குப் பிறகு
ஒரு கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான்
பஸ் ஏறுகிறேன்.
பேரும் இருக்கிறது. பணமும் இருக்கிறது.